கழுந்தில் எட்டுத் தழும்புகள்: ஈசூன் வீட்டுக் கடைசல் பட்டறை ஒன்றில் நடந்த விபத்தின் ஆய்வு

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில், சிங்கப்பூரின் ஈசூனில் ஒன்பதாம் மாடி வீடொன்றின் சமையலறைப் பின்கட்டில், கடைசல் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்த ஈர மாமரக் கட்டை, சக்கின் (கட்டையைத் தாடைகளால் கவ்விச் சுழற்றும் பாகத்தின்) பிடியிலிருந்து கழன்று பறந்தது. 200 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையும் கொண்ட அந்தக் கட்டை, உளித் தாங்கியில் மோதி மேலெழும்பி, கடைந்துகொண்டிருந்தவரின் இடது தோளில் இடித்து, அவருக்குப் பின்னால் இருந்த சன்னல் கம்பியை வளைத்துவிட்டுத் தரையில் விழுந்தது. பலதுறை மருந்தகத்தில் எலும்பு முறிவு இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். தோளில் பட்ட அடி முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், சன்னலில் கம்பி இல்லாதிருந்தால் ஒன்பது மாடிக்குக் கீழே நடைபாதையில் யார் போய்க்கொண்டிருந்திருப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளும் அன்றிரவு அந்த வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை.

விபத்துக்கு உள்ளானவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவரை இங்கே அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் அழைக்கிறேன். நான் பதினான்கு ஆண்டுகளாக மரக் கடைசல் செய்துவருகிறேன். அன்று மாலையே அவர் என்னை அழைத்து, "தம்பி, கட்டை உடையலப்பா, அப்படியே கழண்டு வந்திருச்சு. சக்கை நல்லா முறுக்கித்தான் வச்சிருந்தேன்," என்றார். நல்லா முறுக்கித்தான் வைத்திருந்தார் என்பது உண்மை. முறுக்கியது போதாமல் போனதற்கான காரணங்களைத் தேடியதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

அண்ணனுக்கு வயது அறுபத்து நான்கு. வடக்குக் கரையோரக் கப்பல் பட்டறைகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் இரும்புக் கடைசல் செய்தவர். நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தண்டுகளைக் கடைந்து கொடுத்த கை அது. ஓய்வு பெற்றபின், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களைப் போலப் பேத்திக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு சிறு மரக் கடைசல் இயந்திரத்தை வாங்கினார். படுகைக்கு (இயந்திரத்தின் நீண்ட அடித்தளத்துக்கு) மேல் 12 அங்குல விட்டம் வரை சுழற்றக்கூடியது. 750 வாட் மோட்டார். வேகத்தை மாற்றப் பட்டையைக் கையால் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏற்ற வேண்டும். முதல் எட்டு மாதங்கள் பேனாவும் பம்பரமும் கடைந்தார். அவை நன்றாகவே வந்தன. பிறகு தனியார் வீடொன்றின் தோட்டத்தில் வெட்டப்பட்ட மாமரத்தின் அடித்துண்டு, வீட்டுக்காரரின் அனுமதியோடு அவருக்குக் கிடைத்தது. அதை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியில் முதல் கிண்ணத்தைத் தொடங்கினார். (சாலையோர மரங்கள் வெட்டப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தால் கடைசல்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். அவை நமக்குச் சொந்தமானவை அல்ல; கேட்டுப் பெறாமல் தொடக்கூடாது.)

இரும்புக் கடைசலில் முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் இருப்பவருக்கு மரக் கடைசல் எளிது என்று பலரும் நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்ததுண்டு. இரும்பில் வெட்டுமுனையைத் தாங்கிப் பிடிப்பது இயந்திரம். மரத்தில் பிடிப்பது கை. இரும்பு எல்லாத் திசையிலும் ஒரே குணமுடையது. கிண்ணத்துக்காகக் குறுக்காக மாட்டிய மரமோ ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உளிக்கு நாரின் பக்கத்தையும் இரண்டு முறை நாரின் நுனியையும் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பைச் சக்கின் இறுக்கம் மட்டுமே பிடித்துவிடும். ஈர மரத்தை இறுக்கினால் அது நசுங்கிக் கொடுக்கும். நசுங்கிய இடத்தில் பிடி தளரும்.

கழுந்து சொன்னது

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அண்ணி கட்டையை ஒரு செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். கண்ணில் படக்கூடாதென்று தூக்கி எறிந்துவிடாமல் அதை எடுத்து வைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பதில்கள் அந்தக் கட்டையிலேயே இருந்தன.

கிண்ணத்தின் அடியில், சக்கின் நான்கு தாடைகளும் கவ்வுவதற்காக விடப்படும் வட்டக் குமிழைத் தச்சர்களின் சொல்லிலேயே கழுந்து என்று அழைக்கிறேன். அண்ணனின் கழுந்து 64 மில்லிமீட்டர் விட்டம், 14 மில்லிமீட்டர் உயரம். பக்கங்கள் செங்குத்தாக, இரும்புத் தண்டைப் போல நேராக இருந்தன. அளவுகோல் வைத்துப் பார்த்தால் பழுதே சொல்ல முடியாத வேலை. அதன் சுற்றுவட்டத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எட்டே எட்டு இடங்களில் மட்டும், இரண்டிரண்டாக, நகம் பதிந்தது போன்ற தழும்புகள் இருந்தன. இடைப்பட்ட பரப்பில் தாடை பட்ட அடையாளமே இல்லை.

இதன் பொருளை விளக்க வேண்டும். சக்கின் தாடைகள் நான்கும் ஒரு வட்டத்தை நான்காக அறுத்துச் செய்யப்பட்டவை. ஒன்றோடொன்று ஏறக்குறைய ஒட்டிய நிலையில்தான் அவற்றின் உட்புறம் சரியான வட்டமாகிறது. அண்ணனின் தாடைகளில் அந்த வட்டம் சுமார் 48 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய கழுந்தைக் கவ்வத் தாடைகளை விரிக்கும்போது, ஒவ்வொரு தாடையும் தன் இரு ஓர முனைகளால் மட்டுமே மரத்தைத் தொடுகிறது. நான்கு தாடை, எட்டு முனை, எட்டுத் தழும்பு. கையை முழுவதும் வைத்துப் பிடிப்பதற்குப் பதிலாக விரல் நுனியால் கிள்ளிப் பிடித்தது போன்ற பிடி அது. எவ்வளவு முறுக்கினாலும் முனைகள் ஈர மரத்துக்குள் இன்னும் ஆழமாகப் புதையுமே தவிர, பிடிக்கும் பரப்பு கூடாது.

இரண்டாவது குறை உயரத்தில் இருந்தது. தாடைகளின் ஆழம் 12 மில்லிமீட்டர், கழுந்தோ 14. ஆகவே கழுந்தின் அடி சக்கின் தரையில் முட்டி நின்றது; கிண்ணத்தின் தோள், அதாவது கழுந்தைச் சுற்றியுள்ள தட்டைப் பகுதி, தாடைகளின் மேல் அமரவில்லை. இடையில் இரண்டு மில்லிமீட்டர் வெளி. பக்கவாட்டு விசையைத் தாங்குவது பெரும்பாலும் அந்தத் தோள்தான். நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் படுவது போலத் தோள் நான்கு தாடைகளின் மேலும் படிய வேண்டும். படியாவிட்டால் கட்டை ஒரு கொம்பின் நுனியில் வைத்த பானையாக ஆடும். மூன்றாவதாக, இவ்வகைத் தாடைகளின் உட்புறம் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கழுந்தையும் அதே சாய்வில், அடி அகன்றும் கழுத்து ஒடுங்கியும் கடைந்தால், இறுக்க இறுக்கக் கட்டை சக்கை நோக்கி இழுக்கப்படும். நேர்ப்பக்கக் கழுந்துக்கு அந்த இழுப்புக் கிடையாது.

சரியான கழுந்து எப்படி இருந்திருக்க வேண்டும்? அவருடைய தாடைகளுக்கு 50 முதல் 55 மில்லிமீட்டர் விட்டம், எட்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் உயரம், தாடைக்கு ஒத்த சாய்வு, கூர்மையாக வெட்டிய உள்மூலை, தட்டையான தோள். கழுந்தின் விட்டம் கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர்களிடையே வழங்கும் பழைய கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அண்ணன் பின்பற்றினார். 200-க்கு 64 என்பது அங்கிருந்து வந்ததே. கணக்கு சரி, அவரிடம் இருந்த தாடை அதற்குச் சிறியது. பெரிய கழுந்து வேண்டுமானால் அதற்கேற்ற பெரிய தாடைகளை வாங்க வேண்டும், அல்லது இருக்கும் தாடைக்கேற்பக் கழுந்தைச் சிறிதாக்கி, மறுமுனையில் டெயில்ஸ்டாக்கை (படுகையில் நகரும் எதிர்முனைத் தாங்கியை) கொண்டுவந்து முட்டுக் கொடுக்க வேண்டும். விளிம்பைச் சீராக்கும்போது டெயில்ஸ்டாக் எந்த வேலைக்கும் குறுக்கே வராது. அன்று அது படுகையின் கோடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

மழுங்கிய வாய்

இவ்வளவு குறையுள்ள பிடியும்கூடச் சுமார் இருபது நிமிடம் தாக்குப்பிடித்திருக்கிறது. அதைக் கழற்றியது உளியின் ஒரு கடி. கடைசலில் உளியின் வாய், பின்சரிவின் (வாய்க்குப் பின்னால் சாணை பிடித்த சாய்வுப் பரப்பின்) ஆதாரமில்லாமல் திடீரென்று மரத்துக்குள் புதைந்து மாட்டிக்கொள்வதைத்தான் கடி என்கிறோம்.

அண்ணன் அப்போது கையில் வைத்திருந்தது, எட்டு உளிகள் கொண்ட மரப்பெட்டியில் வந்த மிக அகன்ற குழி உளி. பார்ப்பதற்குப் பெரியதாகவும் வலுவாகவும் இருப்பதால் பெரிய வேலைக்கு அதுவே ஏற்றது என்று தோன்றும். உண்மையில் அது, இரு முனைகளுக்கிடையே நெடுக்காக மாட்டிய சதுரக் கட்டையை உருளையாக்குவதற்கு மட்டுமே உரியது. அதன் அகன்ற உடல் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒடுங்கி, தட்டையான ஒரு வாலாக முடிகிறது. கிண்ணக் கட்டையில் நாரின் நுனி மோதும்போது அந்த வால்தான் முழு விசையையும் வாங்குகிறது. வால் முறிந்து உளி முகத்துக்குத் திரும்பிய விபத்துகள் உண்டு. அண்ணனின் உளியில் வால் முறியவில்லை. மேசைமேல் வைத்து ஓர் இரும்பு அளவுகோலைப் பொருத்தியபோது வளைந்திருப்பது தெரிந்தது. கிண்ணத்துக்கென்று செய்யப்படும் குழி உளியோ ஒரே தடிமனான உருண்டைக் கம்பியில் பள்ளம் வெட்டி, வால் ஒடுங்காமல் முழுத் தடிமனோடு கைப்பிடிக்குள் இறங்கும். அத்தகைய உளி அந்த எட்டில் ஒன்றுகூட இல்லை. தொடக்கநிலையாளருக்கென்று விற்கப்படும் பெட்டிகள் பலவற்றிலும் இந்தக் குறை இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த உளியை விளக்கின் கீழ் வாயை மேலாக்கிப் பிடித்தேன். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. அங்கே பார்க்க எதுவும் இருக்காது. இதன் வாயில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லிய வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு மின்னியது. அந்தக் கோடு முழுவதும் மழுங்கல். எத்தனை முறை சாணை பிடித்தீர்கள் என்று கேட்டேன். வாங்கியதிலிருந்து இரண்டு முறை என்றார். தரையில் கிடந்த சீவலும் அதையே சொன்னது: ஈர மாமரத்திலிருந்து நாடாபோல் சுருண்டு நீளமாக வந்திருக்க வேண்டியது, ரவையாகவும் மாவாகவும் உதிர்ந்து கிடந்தது.

மழுங்கிய உளி வெட்டாது, உரசும். உரசுவதால் கடைபவர் அழுத்துகிறார். அழுத்தும்போது, உளியின் பின்சரிவு மரத்தில் படிந்திருக்கிறதா என்பதைக் கை உணராது. முதலில் உளியைத் தாங்கியில் ஊன்ற வேண்டும், அடுத்துப் பின்சரிவை மரத்தில் படியவிட வேண்டும், அதன்பிறகே கைப்பிடியை மெல்ல உயர்த்தி வாயை வெட்டவிட வேண்டும் என்ற வரிசை அங்கே குலைகிறது. என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டை பறந்ததற்கு உடனடிக் காரணம் கழுந்து. அதைப் பறக்கவைத்தது கடி. கடிக்குக் காரணம் தவறான உளி. ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் இருந்த வேர், அந்த வீட்டில் உளியை ஒழுங்காகச் சாணை பிடிக்க ஏற்பாடு இல்லாததுதான். கூரான உளி இருந்திருந்தால், தவறான கழுந்திலும்கூட இலேசான கையோடு வேலை முடிந்திருக்க வாய்ப்புண்டு. மழுங்கிய உளியோ சரியான கழுந்தையும் ஒரு நாள் சோதித்துப் பார்க்கும்.

இன்னும் இரண்டு குறைகள் இதோடு சேர்ந்துகொண்டன. உளித் தாங்கி மரத்திலிருந்து 35 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. ஐந்தாறு மில்லிமீட்டரே இருந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கைப்பிடியின் நெம்புவலு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இயந்திரத்தை நிறுத்தாமல் தாங்கியை நகர்த்தக்கூடாது என்ற சரியான விதியை அவர் கடைப்பிடித்தார், ஆனால் நிறுத்தி நகர்த்துவதற்குச் சோம்பல்பட்டதை அவரே ஒப்புக்கொண்டார். மற்றது வேகம். பட்டை, பேனா கடைவதற்காக ஏற்றியிருந்த படியிலேயே, நிமிடத்துக்கு 1,800 சுற்றில் இருந்தது. கிண்ண விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதைச் சுற்று எண்ணால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வரவேண்டும் என்பது கடைசலில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. எட்டு அங்குலக் கட்டைக்கு அது 750 முதல் 1,125 சுற்று. சமநிலையில்லாத ஈரக் கட்டைக்கு அதிலும் கீழிருந்தே தொடங்க வேண்டும். 1,800 சுற்றில் கட்டையின் விளிம்பு மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 750 சுற்றில் 28. சுழற்சியில் தேங்கும் ஆற்றல் வேகத்தின் இருபடியாகப் பெருகுவதால், அன்று அந்தக் கட்டைக்குள் இருந்தது தேவையானதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

முகத்தில் அவர் அணிந்திருந்தது படிக்கும் கண்ணாடி மட்டுமே. மோதலைத் தாங்கும் தரச்சான்று பெற்ற, நெற்றியிலிருந்து தாடைவரை மறைக்கும் முகத்தடுப்பு இல்லாமல் கிண்ணம் கடையவே கூடாது. இயந்திரத்தை இயக்கும் கணத்தில் கட்டை சுழலும் தளத்துக்கு நேரே நிற்காமல் ஓரடி விலகி நிற்க வேண்டும்.

பணம் போன வழி

அண்ணன் தம் பழைய வழக்கப்படி எல்லாச் செலவையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். மொத்தம் ஏறத்தாழ 1,900 வெள்ளி. இயந்திரத்துக்கு 1,100, சக்குக்கு 220, எட்டு உளிப் பெட்டிக்கு 180, பேனா உதிரிகளுக்கும் மெருகுப் பொருள்களுக்கும் 340, சாணைக்கு 60. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. உளி வாங்கச் செலவிட்டதில் மூன்றில் ஒன்றை மட்டுமே அதைக் கூராக வைத்திருக்கச் செலவிட்டிருக்கிறார். புதிதாகத் தொடங்கும் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். கடைகளும் அப்படித்தான் பொருளை அடுக்கி வைத்திருக்கின்றன.

அந்த 60 வெள்ளிக்கு வந்தது ஆறு அங்குலச் சாணை இயந்திரம், சாம்பல் நிறக் கல். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவ்வகை இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று ஓடும். எட்டு அங்குலக் கல் கொண்ட மெதுவேக இயந்திரம் 1,425 சுற்றே ஓடுவதால், கல்லின் விளிம்பு வேகம் முன்னதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. பழகாத கைக்குத் தவறு செய்ய நேரம் கிடைக்கிறது. அதிவேக எஃகு உளிகளுக்கு வெள்ளை அலுமினிய ஆக்சைடு கல், 80 பொடியளவு, நல்ல தொடக்கம். வசதியிருந்தால் சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு) பூசிய சக்கரம்: அது தேய்ந்து விட்டம் குறைவதில்லை, சூடு குறைவு, கல்லைப் போல உடைந்து சிதறும் அச்சமும் இல்லை. விலை கூடுதல்தான், இருந்தும் ஒரு வீட்டுக் கடைசல்காரருக்கு அது நெடுங்காலம் உழைக்கும். வாங்குமுன் நடுத்துளையின் அளவு தம் இயந்திரத் தண்டுக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

கல்லைவிட முக்கியமானது, உளியை ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் பிடித்துக்கொடுக்கும் சாணைத் தாங்கி. கிண்ணக் குழி உளிக்கு 50 அல்லது 55 பாகை, சுரண்டிக்கு 70 முதல் 80 பாகை. கோணம் எதுவானாலும் அது மாறாமலிருப்பதே பயன். ஒரே கோணம் என்றால் ஒரு சாணைக்கு இருபது வினாடி போதும், எஃகும் வீணாகாது. இருபது வினாடி வேலையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செய்யக் கை தயங்காது. அதிவேக எஃகு சூட்டில் நீலம் பாய்ந்தாலும் எளிதில் பதம் இழக்காது. ஆனால் சூடான நிலையில் தண்ணீரில் முக்கினால் வாயில் நுண்வெடிப்பு விழும். பழைய கார்பன் எஃகு உளிக்கு இது நேர்மாறு: அடிக்கடி தண்ணீரில் குளிர்விக்க வேண்டும், நீலம் பாய்ந்துவிட்டால் அந்தப் பகுதியின் பதம் போயிற்று.

உளிகளில் இப்போது அவரிடம் இருப்பவை நான்கு. அரை அங்குலக் கம்பியில் செய்த கிண்ணக் குழி உளி ஒன்று, சிறு வேலைகளுக்கு ஒரு தூண் குழி உளி, ஒரு வெட்டு உளி, வட்ட வாய்ச் சுரண்டி ஒன்று. குழி உளியின் அளவைச் சொல்வதில் ஒரு குழப்பம் உண்டு. ஆங்கிலேய வழக்கில் பள்ளத்தின் அகலத்தையும் அமெரிக்க வழக்கில் கம்பியின் விட்டத்தையும் சொல்வார்கள். ஒன்றில் எட்டில் மூன்று அங்குலம் எனப்படுவது மற்றதில் அரை அங்குலம். கம்பியைத்தானே அளந்து வாங்குவது நல்லது. சாணை வைக்கவே இடமில்லாதவர்களுக்கு, மாற்றக்கூடிய கார்பைடு வில்லை பொருத்திய உளிகள் ஒரு வழி. வில்லை மழுங்கினால் சற்றே திருப்பி வைத்தால் போதும். ஆனால் அது சுரண்டியே எடுப்பதால் ஈர மரத்தில் நார் பிய்ந்து எழும்பும். பிறகு உப்புத்தாளோடு நெடுநேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சக்கிலும் ஒரு சிறு பிழை இருந்தது. இயந்திரத்தின் சுழலித் திருகு ஓர் அங்குலத்துக்கு எட்டுப் புரி. அவர் வாங்கிய சக்கு 33 மில்லிமீட்டர் திருகுக்கானது. இடையில் ஓர் இணைப்பான் போட்டிருந்தார். இணைப்பான் தாங்கும், ஆனால் கட்டையைத் தாங்குருளையிலிருந்து இன்னும் வெளியே தள்ளி அதிர்வைக் கூட்டும். இயந்திரத்தையும் துணைக்கருவிகளையும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் திருகளவோடு மின்னளவையும் பார்க்க வேண்டும்: இங்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கெனச் செய்த சாதாரண மோட்டாருக்கு மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே குறைத்துக் கொடுக்கும். அலைவெண்ணை அது மாற்றாது.

வீட்டுக்குள் இடம்

இயந்திரம் சமையலறைச் சுவரோரம் நின்றது. வெளிச்சம் தோளுக்கு மேலாக வர வேண்டும் என்பதற்காக அண்ணன் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றார். வெளிச்சத்தைப் பற்றிய யோசனை சரி. ஆனால் கழன்ற கட்டை, சுழலும் தளத்திலேயே, முன்னோ பின்னோ மேலோதான் பாயும். சுழலியின் அச்சுத் திசையில் பாய்வது அரிது. ஆகவே மாடி வீட்டில் இயந்திரம் வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் தளத்தின் நேர்கோட்டில் சன்னலோ வாசலோ இருக்கிறதா என்பதையே. இப்போது இயந்திரம் தொண்ணூறு பாகை திருப்பப்பட்டு, முன்னும் பின்னும் வெறுஞ்சுவர் இருக்கும்படி நிற்கிறது. சன்னல் பக்கவாட்டில், வெளிச்சத்துக்குத் தனி விளக்கு.

விபத்துக்குப் பிறகு அண்ணி, இயந்திரத்தைப் பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே உள்ள பதுங்கறைக்குள்) தள்ளிவிடலாம் என்றார். சுவரும் கதவும் கனமானவை. எது பறந்தாலும் வெளியே வராது என்பது அவர் வாதம். நான் வேண்டாம் என்றேன். சன்னலில்லாத அந்தச் சிற்றறையில் தூசு எங்கும் போகாது, கட்டை பறந்தால் கடைபவருக்கும் விலக இடமிருக்காது. காற்றுத் துளைகளை நம் வசதிக்கு அடைக்கவோ மாற்றவோ கூடாது. வீட்டு வாசல் நடைவழியும் கூடாது. அங்கே 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. சீவல் மூட்டையைப் போல எளிதில் பற்றக்கூடிய பொருளை அங்கு வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு.

கீழ்வீட்டுச் சீனப் பாட்டி விபத்துக்கு முன்பே ஒருமுறை மேலே வந்து கேட்டிருக்கிறார். மோட்டாரின் ஓசையைவிடத் தரை வழியாக இறங்கும் அதிர்வுதான் அவரைத் தொந்தரவு செய்தது. தாங்குமேசையின் கீழ்த்தட்டில் நாற்பது கிலோ மணல் மூட்டைகளையும், கால்களுக்கடியில் தடித்த ரப்பர் விரிப்பையும் வைத்தபின் அதிர்வு பெருமளவு அடங்கியது. வெட்டும் சுத்தமாக வந்தது. நேரத்துக்கு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புதுப்பிப்பு வேலைகளில் அதிக ஓசை எழுப்புபவற்றுக்கு வகுத்திருக்கும் அளவையே நாங்கள் எடுத்துக்கொண்டோம்: வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. பொழுதுபோக்குக்கு அந்த விதி எழுதப்படவில்லை, ஆனால் அண்டை வீட்டார் ஏற்கெனவே பழகிய நேரம் அது. சனிக்கிழமைக் கடைசல் நின்றுவிட்டது.

மூச்சும் எண்ணெய்த் துணியும்

மரத்தூசைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. உளி எடுக்கும் சீவலால் ஆபத்து குறைவு; உப்புத்தாள் எழுப்பும் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலுக்குள் போவது. புகைமூட்டக் காலத்தில் நாம் அணிந்த என்95 முகக்கவசம் இங்கும் உதவும், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால். நுண்வடிகட்டி பொருத்திய தூசு உறிஞ்சியின் வாயைத் தேய்க்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். மாமரம் முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தது; அதன் பட்டைப்பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். அண்ணனின் முன்கையில் இருந்த தடிப்பு விபத்தால் வந்ததன்று, அதனால் வந்தது.

மெருகு விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் வெளிவிடும். துடைத்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளே தேங்கித் தானாகவே தீப்பற்றும். அண்ணன் அத்தகைய துணிகளைக் குப்பைக் குழாயில் போட்டுவந்தார். பல மாடிகளின் காகிதமும் பிளாஸ்டிக்கும் குவியும் இடத்துக்கு அதை அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. இப்போது துணியைத் தனித்தனியே விரித்துக் கம்பியில் காயவிட்டு, விறைப்பான பிறகே எறிகிறார். உணவு வைக்கும் கிண்ணத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா என்று அண்ணி கேட்டார். அது மரத்தில் உலராது, நாளாவட்டத்தில் சிக்கெடுக்கும். உணவுக்கேற்ற தரமுள்ள மினரல் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து பூசுவது போதும்.

ஈர மரத்தின் சீவலை இரவு முழுவதும் படுகையில் விட்டால், நம் ஊர்க் காற்றில் காலைக்குள் துரு ஏறிவிடும். துடைத்து மெழுகு தடவி மூட ஐந்து நிமிடம் ஆகும்.

மறுபாதிக் கட்டை

விபத்து நடந்து ஆறு வாரம் கழித்து, அதே மாமரத்தின் மறுபாதியை இருவரும் சேர்ந்து மாட்டினோம். கழுந்து 52 மில்லிமீட்டர், உயரம் எட்டு, பக்கம் சாய்வு. தோள் தாடைமேல் படிகிறதா என்று பார்க்க ஒரு சிகரெட் தாளை இடையில் நுழைத்துப் பார்த்தார் அண்ணன். எந்தப் பக்கமும் நுழையவில்லை. இரும்புக் கடைசலில் கற்ற அந்தக் கண் இங்கே கைகொடுத்தது. வேகம் 600-இல் தொடங்கி 800. டெயில்ஸ்டாக் முட்டுக்கொடுத்தபடியே வெளிப்புறம் முடிந்தது. சாணையிலிருந்து அப்போதுதான் எடுத்த உளி மரத்தில் பட்டதும், ஈரச் சீவல் நீண்ட நாடாவாக அவர் தோளுக்கு மேலாகப் பாய்ந்து சுவரில் ஒட்டியது. "இதுக்கா தம்பி நான் அத்தனை பலம் கொடுத்து அழுத்தினேன்?" என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அந்தக் கிண்ணம் இன்னும் முடியவில்லை. ஈர மரம் உலரும்போது ஒரு திசையில் மற்றதைவிட ஏறக்குறைய இருமடங்கு சுருங்குவதால், முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக, 20 மில்லிமீட்டர் தடிமனில் விட்டோம். தேதியை அடியில் பென்சிலால் எழுதி, அதன் சீவலோடு சேர்த்துத் தாள் பையில் கட்டி, வெயில் படாத அலமாரியில் வைத்தார். வாரம் ஒருமுறை அண்ணியின் சமையலறைத் தராசில் எடை பார்த்துப் பையின் மேலேயே குறிக்கிறார். முதல் நாள் 712 கிராம். வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேலிருக்கும் இந்த ஊரில், மரம் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்துக்குக் கீழே தானாக இறங்காது. குளிர்சாதன அறையில் இருக்கப்போகும் கிண்ணம் என்றால் அது இன்னும் சுருங்கும் என்பதால், கடைசி மாதம் பையைப் படுக்கையறைக்கு மாற்றினோம். கடந்த மூன்று வாரங்களாகத் தராசு 488 கிராமிலேயே நிற்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அது மீண்டும் இயந்திரத்தில் ஏறுகிறது. உலர்ந்ததில் கழுந்தும் நீள்வட்டமாகிவிட்டது: ஒரு பக்கம் 52, மறுபக்கம் 49. அப்படியே சக்கில் மாட்டாமல், கிண்ணத்தை முதலில் இரு முனைகளுக்கிடையே நிறுத்திக் கழுந்தை வட்டமாக்க வேண்டும். அதற்கான வெட்டு உளியை அண்ணன் நேற்றே சாணை பிடித்துவிட்டு, விளக்கின் கீழ் அதன் வாயைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். படத்தில் வெள்ளைக் கோடு இல்லை.